சர்க்கரை ஒரு பக்கம், கொழுப்பு ஒரு பக்கமா?

"சார், எனக்குச் சக்கரை மட்டும்தான் இருக்குது. கொழுப்பு இல்ல. அதுக்கு எதுக்கு இன்னொரு ரத்தம்?"

மீஞ்சூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கங்களில் சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்களிடம் கொழுப்புப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று சொன்னால், பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. சர்க்கரை என்பது இனிப்புச் சமாசாரம், கொழுப்பு என்பது எண்ணெய்ச் சமாசாரம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். ஒன்று மெலிந்தவர்க்கும் வரும், மற்றது குண்டானவர்க்கு மட்டும் வரும் என்றும் ஒரு நினைப்பு இருக்கிறது. இரண்டு நினைப்பும் தவறு.

இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும், இரத்தத்தில் கொழுப்பு கெடுவதும் பெரும்பாலும் ஒரே கோளாறின் இரண்டு முகங்களாகும். அந்தக் கோளாறு எது, அதை நம் வீட்டுச் சாப்பாட்டிலும் வேலை நேரத்திலும் எப்படிச் சரிசெய்வது என்பதே இந்த வெளியீட்டின் பொருள்.

ஒருவர் கொண்டுவந்த காகிதம்

துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் ஒருவர் சென்ற ஆண்டு என்னிடம் வந்தார். வயது 44. ஒல்லியான ஆள்தான், ஆனால் தொப்பை உண்டு. கிராமத்து முகாமில் பார்த்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 168 இருந்தது. பிறகு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் கொழுப்பும் பார்த்திருக்கிறார். காகிதத்தைக் கொடுத்தவர்கள் "கொழுப்பு நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். மொத்தக் கொலஸ்டிரால் 178. மேலோட்டமாகப் பார்த்தால் குற்றமில்லை, 200க்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் அடுத்த வரிகளை யாரும் படிக்கவில்லை. டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு 290. அது 150க்குக் கீழ் இருக்க வேண்டும். நல்ல கொழுப்பு என்று நாம் சொல்லும் எச்.டி.எல். 31. ஆண்களுக்கு அது 40க்கு மேல் இருக்க வேண்டும். கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 89.

"உங்க வீட்டுல யாருக்காவது மாரடைப்பு வந்திருக்குதா, தம்பி?" என்று கேட்டேன்.

"எங்க அண்ணன் சார். 46 வயசுல போய்ட்டாரு. சக்கரை இருந்துச்சு. கொழுப்பெல்லாம் இல்லன்னுதான் சொன்னாங்க."

அவர் வயதுக்கும் அண்ணன் போன வயதுக்கும் இடையில் இரண்டே ஆண்டு. அந்தக் கணக்கு அவர் மனதிலும் ஓடிக்கொண்டிருந்தது என்பது முகத்தில் தெரிந்தது.

கேட்டில் நிற்கும் லாரிகள்

அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கும் சொல்கிறேன். காட்டுப்பள்ளித் துறைமுகத்துச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்காதவர் இந்தப் பக்கத்தில் இருக்க முடியாது. உள்ளே இடம் இருக்கும். சரக்கும் வேண்டியதுதான். ஆனாலும் கேட்டில் பாஸ் ஏறாவிட்டால் லாரி சாலையில்தான் நிற்கும்.

நாம் உண்ணும் சோறு செரித்து, சர்க்கரையாக இரத்தத்தில் வந்து சேர்கிறது. அதைத் தசைகளுக்குள் விடுவதற்குக் கணையம் என்னும் உறுப்பு இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின்தான் கேட் பாஸ். சிலர் உடம்பில் இந்தப் பாஸைக் கேட் சரியாக மதிப்பதில்லை. அப்போது கணையம் ஒன்றுக்கு இரண்டாக, இரண்டுக்கு நான்காகப் பாஸ் அச்சடித்துக் கொடுக்கிறது. இப்படிப் பல ஆண்டுகள் ஓட்டலாம். அந்த ஆண்டுகளில் சர்க்கரைப் பரிசோதனை செய்தால் சரியாகவே இருக்கும். என்றைக்குக் கணையம் களைத்துப்போகிறதோ அன்றைக்குச் சாலையில் லாரிகள் தேங்கும். அதைத்தான் நாம் சர்க்கரை வியாதி என்கிறோம்.

பலருக்கும் தெரியாத பகுதி இனிமேல்தான் வருகிறது. இன்சுலினுக்கு வேலை சர்க்கரையை உள்ளே விடுவது மட்டுமல்ல. கொழுப்புத் திசுக்களைப் பார்த்து, "உன்னிடம் உள்ள கொழுப்பை வெளியே விடாதே, பிடித்து வை" என்று சொல்வதும் அதன் வேலை. கல்லீரலைப் பார்த்து, "நீ சர்க்கரை தயாரித்து அனுப்பியது போதும்" என்று சொல்வதும் அதன் வேலை. இன்சுலின் பேச்சு எடுபடாதபோது இந்த உத்தரவுகளும் எடுபடுவதில்லை. தொப்பைக் கொழுப்பிலிருந்து கொழுப்பு அமிலங்கள் கசிந்து கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் தனக்கு வந்த அதிகப்படியான கொழுப்பையும், சோற்றில் வந்த அதிகப்படியான மாவுச்சத்தையும் சேர்த்து டிரைகிளிசரைடாகக் கட்டி இரத்தத்தில் அனுப்புகிறது. அனுப்பியது போக மிஞ்சியது கல்லீரலிலேயே தங்குகிறது. ஸ்கேன் பார்த்துவிட்டு "கல்லீரலில் கொழுப்பு" என்று எழுதித் தருகிறார்களே, பெரும்பாலும் அது இதுதான். கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலின் பேச்சை இன்னும் குறைவாகவே கேட்கும். ஆகவே சர்க்கரை மேலும் ஏறும். ஒன்று மற்றதைத் தள்ளிவிடும் வட்டம் இது.

டிரைகிளிசரைடு மிகுந்தால் நல்ல கொழுப்பின் துகள்கள் சிறுத்து, சீக்கிரம் கழிந்துவிடுகின்றன. கெட்ட கொழுப்பின் துகள்களும் சிறுத்து, எண்ணிக்கையில் கூடுகின்றன. பரிசோதனைக் காகிதத்தில் கெட்ட கொழுப்பு 89 என்று சாதுவாகத் தெரியும். ஆனால் அந்த 89 பெரிய உருண்டைகளாக இல்லாமல், இரத்தக் குழாயின் உள்சுவரில் எளிதாக நுழையக்கூடிய ஏராளமான பொடி உருண்டைகளாக இருக்கும். அதன்மேல் சர்க்கரையும் ஒட்டிக்கொள்கிறது. சர்க்கரை ஒட்டிய கொழுப்பு இரத்தத்தில் நீண்ட நேரம் சுற்றுகிறது, குழாயில் படிகிறது. சர்க்கரை வியாதிக்காரரின் உயிருக்கு முதல் ஆபத்து மாரடைப்பும் பக்கவாதமும்தான் என்று மருத்துவர்கள் சொல்வதன் காரணம் இதுவே.

அப்படியானால் கொலஸ்டிரால்தான் சர்க்கரையை உண்டாக்குகிறதா? அப்படிச் சொல்ல முடியாது. நெதர்லாந்து நாட்டில் பரம்பரையாகவே கெட்ட கொழுப்பு மிக அதிகமாக உள்ள குடும்பங்களில் 63,000க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில், பரம்பரைக் கொழுப்பு உள்ளவர்களிடையே சர்க்கரை நோய் நூற்றுக்கு 1.75 பேருக்கும், அது இல்லாத உறவினர்களிடையே 2.93 பேருக்கும் இருந்தது. கெட்ட கொழுப்பு அதிகமாக இருந்தவர்களுக்குச் சர்க்கரை குறைவாகவே இருந்தது! ஆகவே சர்க்கரையோடு கைகோத்து வருவது கெட்ட கொழுப்பின் அளவு அல்ல. டிரைகிளிசரைடு மிகுதியும், நல்ல கொழுப்புக் குறைவும், தொப்பையும்தான் அதன் கூட்டாளிகள்.

நம் மக்களின் கொழுப்பு எப்படிப்பட்டது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் எடுத்த கணக்கு 2014இல் வெளியானது. மொத்தக் கொலஸ்டிரால் அதிகமாக இருந்தவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். டிரைகிளிசரைடு அதிகமாக இருந்தவர்கள் ஏறத்தாழ 30 பேர். நல்ல கொழுப்புக் குறைவாக இருந்தவர்களோ 72 பேர். ஏதாவது ஒரு கொழுப்பாவது சரியில்லாதவர்கள் 79 பேர்.

இதைப் பார்த்தால் ஒன்று விளங்கும். மேல்நாட்டாரைப் போல மொத்தக் கொலஸ்டிராலை மட்டும் பார்த்து "நார்மல்" என்று முத்திரை குத்துவது நம் ஊருக்குப் பொருந்தாது. நமக்கு வரும் கோளாறு அந்த வரியில் தெரிவதில்லை, அதற்கு அடுத்த வரிகளில் தெரிகிறது.

காகிதத்தைப் படிக்க ஒரு சுலபமான கணக்கு உண்டு, வீட்டிலேயே போடலாம். மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து நல்ல கொழுப்பைக் கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதெல்லாம் குழாயை அடைக்கக்கூடிய கொழுப்பு. பொதுவாக அது 130க்குக் கீழே இருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு மருத்துவர் 100க்குக் கீழே கொண்டுவரச் சொல்வார். நம் டிரெய்லர் ஓட்டுநருக்கு 178இல் 31 போனால் 147. "நார்மல்" என்ற காகிதத்தின் உண்மைக் கணக்கு இதுதான். இந்தக் கழித்தல் கணக்குக்கு வெறும் வயிறுகூடத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டு எடுத்த இரத்தத்திலும் ஏறக்குறைய சரியாகவே வரும். டிரைகிளிசரைடைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் மட்டும் 9 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறாக இருப்பது நல்லது. தண்ணீர் குடிக்கலாம்.

இன்னொரு கருவி இன்ச் டேப். தையற்காரரிடம் இருப்பதே போதும். தொப்புள் மட்டத்தில் சுற்றிப் பிடித்தால் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்தவர்கள் "நான் ஒல்லி" என்று திருப்திப்பட வேண்டாம்.

எண்ணெயை நிறுத்தினார், கொழுப்பு ஏறியது

நமது ஓட்டுநர் காகிதத்தைப் பார்த்துப் பயந்தார் அல்லவா? அதற்கு முன்பே அவர் வீட்டில் ஒரு மாற்றம் நடந்திருந்தது. சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து முட்டை, இறால், மீன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். தாளிக்கும் எண்ணெயையும் பாதியாக்கினார்கள். அவர் மனைவி பெருமையாகச் சொன்னார்: "வெறும் ரசம் சோறு, மோர் சோறுதான் சார் குடுக்கறேன். ஒரு சொட்டு எண்ணெ கெடயாது."

மூன்று மாதம் கழித்து எடுத்த பரிசோதனையில் டிரைகிளிசரைடு 340. அந்தத் தாய் அழாத குறை. "அப்போ எண்ணெயில இல்லாத கொழுப்பு எங்கிருந்து சார் வந்துச்சு?"

சோற்றிலிருந்துதான் வந்தது. குழம்பில் மீன் இல்லை, தொட்டுக்கொள்ளக் கூட்டு இல்லை. பசி அடங்குவதற்கு மூன்று கரண்டி இருந்த இடத்தில் ஐந்து கரண்டி சோறு போயிருக்கிறது. அவ்வளவு மாவுச்சத்தையும் தசை வாங்கிக்கொள்ளவில்லை. கல்லீரல் கொழுப்பாக்கிவிட்டது.

இது என் சொந்த அபிப்பிராயம் அல்ல. சர்க்கரை நோய் ஆராய்ச்சியில் சென்னைக்கு நீண்ட பெயர் உண்டு. நம் வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையில்தான் 1948இல் டாக்டர் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். பிறகு 1954இல் இராயபுரத்தில் அவர் எழுப்பிய பொது மருத்துவமனை பின்னாளில் சர்க்கரை நோய்க்கென்றே தனி மருத்துவமனையாயிற்று. அந்த வழியில் சென்னையில் நடந்த பல ஆய்வுகளில் ஒன்று 2009இல் வெளியானது. தீட்டிய தானியம் எவ்வளவு தின்கிறோம் என்பதை அது அளந்து பார்த்தது. நம் ஊரில் தீட்டிய தானியம் என்றால் பெரும்பங்கு வெள்ளை அரிசிதான். அதை அதிகம் உண்டவர்களுக்கு இடுப்புச் சுற்றளவும், வெறும் வயிற்றுச் சர்க்கரையும், டிரைகிளிசரைடும் கூடுதலாகவும், நல்ல கொழுப்பு குறைவாகவும் இருந்தது. ஒரே தட்டிலிருந்து இரண்டு கெடுதலும் வருவதை அது காட்டிற்று.

அரிசியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் நெல் விளையும் பூமி. சொன்னாலும் யாரும் கேட்கப்போவதில்லை. அளவைத்தான் மாற்ற வேண்டும். தட்டில் பாதி இடம் காய், கீரைக்கு. கால் பங்கு மீன், பருப்பு, சுண்டல், முட்டை இவற்றில் ஒன்றுக்கு. மீதிக் கால் பங்குதான் சோற்றுக்கு. காயை முதலில் தின்றுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சோறு தானாகக் குறையும். கேழ்வரகுக் கூழ் நல்லதுதான், நார்ச்சத்து உண்டு. ஆனால் கேழ்வரகிலும் மாவுச்சத்து இருக்கிறது. "கூழ்தானே" என்று இரண்டு சொம்பு குடித்தால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

இறாலும் கானாங்கெளுத்தியும்

கடற்கரை ஊர்களில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இறாலில் கொலஸ்டிரால் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் நாம் உண்ணும் கொலஸ்டிரால் இரத்தக் கொலஸ்டிராலை ஓரளவுதான் ஏற்றுகிறது. உடம்புக்குத் தேவையானதில் பெரும்பகுதியைக் கல்லீரல் தானே செய்துகொள்கிறது. கெட்ட கொழுப்பை அதிகம் ஏற்றுவது உறையும் தன்மையுள்ள கொழுப்புகளாகும். ஆட்டுக் கொழுப்பு, நெய், டால்டா, பாமாயில் முதலியன அந்த வகை. இறாலில் அந்த வகைக் கொழுப்பு மிகக் குறைவு. ஏரி இறாலை வாரம் ஒரு நாள் தொக்காகவோ குழம்பாகவோ உண்பதில் பயமில்லை. மாவில் புரட்டி எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் அது வேறு கதை.

மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி இவற்றை "சாதா மீன்" என்று சொல்லி ஒதுக்கிவிட்டு வஞ்சிரத்துக்குக் காசு கொடுக்கிறோம். இந்தச் சாதா மீன்களில்தான் டிரைகிளிசரைடைக் குறைக்க உதவும் மீன் எண்ணெய்ச் சத்து நிறைய இருக்கிறது. வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்தால் போதும். கருவாட்டில் சத்து உண்டு, உப்பும் உண்டு. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ரேஷனில் வாங்கும் பாமாயிலைக் கொட்டிவிடும்படி நான் சொல்லவில்லை. அதையே நம்பி இருக்காமல் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் இவற்றையும் மாற்றி மாற்றி வாங்குங்கள். ஆளுக்கு மாதம் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பொரித்த எண்ணெயை மறுபடியும் மறுபடியும் காய்ச்ச வேண்டாம். வனஸ்பதியில் உள்ள டிரான்ஸ் கொழுப்பை 2022 முதல் நூற்றுக்கு 2 பங்குக்குள் அரசு கட்டுப்படுத்தியிருக்கிறது. ஆனால் தெருவோர வாணலியில் எத்தனை தடவை எண்ணெய் காய்கிறது என்பதற்குக் கட்டுப்பாடு நம் கையில்தான் இருக்கிறது.

இரவு ஷிப்டும் ஏழு டீயும்

இந்த வட்டாரத்தில் முன்பு மீன்பிடிப்பும் பயிர்த்தொழிலும்தான். இன்று அனல் மின் நிலையம், துறைமுகங்கள், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை என்று ஷிப்டு வேலை நிறைந்துவிட்டது. வலை இழுத்த கை ஸ்டீயரிங் பிடிக்கிறது. சாப்பாடு மட்டும் வலை இழுத்த காலத்து அளவிலேயே நிற்கிறது.

இரவு இரண்டு மணிக்கு உண்ணும் பரோட்டா பகலில் உண்ணும் பரோட்டாவைப் போல அல்ல. இரவில் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் இயற்கையாகவே குறைகிறது. தூக்கம் கெட்டால் இன்சுலின் பேச்சு இன்னும் எடுபடாமல் போகிறது. ஷிப்டை மாற்ற உங்களால் முடியாது, அது எனக்குத் தெரியும். ஆனால் பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகும் முன் முடித்துக்கொண்டு, நள்ளிரவில் சுண்டலோ அவித்த முட்டையோ கையோடு கொண்டுபோக முடியும். கண் விழிக்கக் குடிக்கும் டீயைக் கணக்குப் பாருங்கள். ஏழு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பதினான்கு ஸ்பூன், ஏறத்தாழ 70 கிராம். சர்க்கரை நோய் இல்லாதவருக்கே அது அதிகம். "நாட்டுச் சக்கரை போட்டுக்கறேன் சார்" என்பார்கள். இரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

வேலை முடிந்து "உடம்பு வலி"க்குக் குடிப்பவர்கள் பலர். சாராய வகை எதுவானாலும் கல்லீரலில் டிரைகிளிசரைடு தயாரிப்பைத் தூண்டிவிடும். டிரைகிளிசரைடு 500க்கு மேல் போனால் இதயக் கவலையோடு கணைய அழற்சி என்னும் கொடிய வயிற்று நோயும் வரக்கூடும். அந்த வலியில் ஸ்டான்லிக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். பீடி, சிகரெட் நல்ல கொழுப்பை மேலும் குறைக்கும்.

நடையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதன் வேலை கலோரி எரிப்பதோடு முடிவதில்லை. தசை அசையும்போது இன்சுலின் பாஸ் இல்லாமலே கேட் திறந்து சர்க்கரையை உள்ளே வாங்கிக்கொள்கிறது. பழுதான பூட்டுக்கு ஒரு பின்வாசல் இருப்பதுபோல. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரம் நடந்தால் அன்றைய சர்க்கரையும் அன்றைய டிரைகிளிசரைடும் குறைவதைப் பார்க்கலாம். வாரத்தில் மொத்தம் 150 நிமிடம் என்பது குறைந்த அளவு. சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. மூன்று ஆண்டில், சாதாரணமாக விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தியவர்களில் அது 39 பேராகக் குறைந்தது. மாத்திரை கொடுத்தும் பார்த்தார்கள், அதுவும் ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் காப்பாற்றியது. டிரெய்லர் கேபினில் எட்டு மணி நேரம் உட்காருபவர், கேட்டில் வண்டி நிற்கும்போது இறங்கிப் பத்து நிமிடம் நடந்தாலும் கணக்கில் சேரும். சாலையின் ஓரமாக, லாரிக்கு எதிர்த்திசையில் நடக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கொழுப்பு மாத்திரையைப் பற்றிய சண்டை

சர்க்கரை நோய் உள்ளவர் 40 வயதைத் தாண்டியிருந்தால், கெட்ட கொழுப்பு அதிகமில்லாவிட்டாலும் மருத்துவர் அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற ஒரு மாத்திரையைச் சேர்ப்பார். "கொழுப்பு நார்மல்னு சொல்றீங்க, அப்புறம் எதுக்கு மாத்திரை?" என்ற சண்டை இங்கேதான் தொடங்கும். இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் சர்க்கரை நோயாளிகள் 2,838 பேரிடம் நடந்த சோதனை 2004இல் வெளியானது. அவர்களுடைய கெட்ட கொழுப்பு அவ்வளவு அதிகமில்லை, இதயநோயும் முன்பு வந்ததில்லை. தினம் 10 மி.கி. அட்டோர்வாஸ்டாட்டின் உண்டவர்களுக்கு, போலி மாத்திரை உண்டவர்களைவிட மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய ஆபத்துகள் நூற்றுக்கு 37 பங்கு குறைந்தன.

சர்க்கரையை அடக்கினால் டிரைகிளிசரைடு நன்றாகவே இறங்கும். கெட்ட கொழுப்பு அவ்வளவாக இறங்காது. ஆகவே "சக்கரை கண்ட்ரோல் ஆய்டுச்சு, கொழுப்பு மாத்திரை வேணாம்" என்று நீங்களே நிறுத்துவது தவறு.

நம் ஓட்டுநர் அப்படித்தான் நிறுத்தினார், ஆனால் காரணம் வேறு. கைப்பேசியில் யாரோ அனுப்பிய செய்தி: கொழுப்பு மாத்திரை தின்றால் சர்க்கரை வருமாம். "சக்கரைக்கு வைத்தியம் பாக்க வந்தா, சக்கரை ஏத்தற மாத்திரையக் குடுக்கறீங்களே சார்!" என்று கோபமாகவே கேட்டார்.

செய்தியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை மறைத்தால் மக்கள் நம்மை நம்ப மாட்டார்கள். 13 சோதனைகளில் கலந்துகொண்ட 91,140 பேரின் கணக்கை ஒன்றுசேர்த்து 2010இல் வெளியிட்டார்கள். 255 பேர் நான்கு ஆண்டு இந்த வகை மாத்திரை உண்டால், கூடுதலாக ஒருவருக்குச் சர்க்கரை நோய் தெரியவருகிறது. அதே 255 பேரில் ஐந்து பேருக்கு மேல் மாரடைப்பு போன்ற ஆபத்திலிருந்து தப்புகிறார்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவருக்கு அந்த மாத்திரையால் சர்க்கரை ஏறுவது சொற்பம். எதை இழக்கிறோம், எதைப் பெறுகிறோம் என்பதை அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். அண்ணனை நினைத்திருப்பார் என்று எண்ணுகிறேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்.

மாத்திரை தொடங்கியபின் காரணமில்லாத தசைவலி, மூத்திரம் கறுத்துப் போவது போன்றவை தென்பட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது, பொறுத்துக்கொண்டிருக்கவும் கூடாது. சில சமயம் தைராய்டு சுரப்புக் குறைவினாலும் கொழுப்பு ஏறும். அதைப் பார்த்துச் சரிசெய்தால் கொழுப்பும் இறங்கிவிடும்.

தாய்மார்கள் கவனிக்க

கர்ப்ப காலத்தில் சர்க்கரை காணப்பட்ட தாய்மார்கள் பிரசவத்துடன் அது போய்விட்டது என்று மறந்துவிடுகிறார்கள். கர்ப்பிணிகள் அனைவருக்கும் சர்க்கரைப் பரிசோதனை செய்யவேண்டும் என்று தமிழக அரசு 2007இலேயே ஏற்பாடு செய்தது. அப்போது சர்க்கரை இருந்தவர்கள் பிரசவம் ஆன ஆறு வாரத்திலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் சர்க்கரை பார்க்க வேண்டும். கொழுப்பும் பார்த்துக்கொள்வது நல்லது. மாதவிடாய் ஒழுங்கில்லாமல் சினைப்பை நீர்க்கட்டி என்று சொல்லப்பட்ட இளம் பெண்களுக்கும் இதே இன்சுலின் கோளாறு அடியில் இருக்கலாம்.

மிக முக்கியமான ஒன்று: கொழுப்பு மாத்திரை உண்ணும் பெண், குழந்தை வேண்டும் என்று எண்ணினாலோ, நாள் தள்ளிப்போனாலோ உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் அந்த மாத்திரை பொதுவாகக் கொடுக்கப்படுவதில்லை.

விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போய், பதினொரு மணிவரை வெறும் டீயோடு கூடை சுமக்கும் தாய்மார்கள் சர்க்கரை மாத்திரையை எப்போது உண்பது என்று தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். உங்கள் வேலை நேரத்தை வாய் திறந்து சொல்லுங்கள். அதற்கேற்ப மருத்துவர் நேரம் மாற்றித் தருவார்.

எங்கே பார்ப்பது?

2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வீட்டு வாசலில் விரல் நுனியில் எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் அன்றைய சர்க்கரையைத்தான் காட்டும். கொழுப்பை முழுதாகப் பார்க்கவும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைப் பார்க்கவும் கையில் ஊசி போட்டு இரத்தம் எடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றா நோய்ப் பிரிவில் கேளுங்கள். அங்கே முடியாததற்குப் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கோ, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதித் தருவார்கள். பழைய காகிதங்களை எறிந்துவிடாதீர்கள். ஒரு பாலித்தீன் உறையில் போட்டு ரேஷன் கார்டோடு வையுங்கள். ஓர் ஆண்டுக் காகிதத்தைவிட மூன்று ஆண்டுக் காகிதம் அதிகம் பேசும்.

நடு நெஞ்சில் அழுத்தம், இடது தோளிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் "வாயு" என்று சோடா குடித்துக்கொண்டிருக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் வெறும் வியர்வையும் அசதியுமாக மாரடைப்பு வருவதுண்டு. 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின் கீழ் முதல் உதவி மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைக்கப்பட்டுள்ளன. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளுடன் அட்டோர்வாஸ்டாட்டினும் அதில் ஒன்று. முதலில் 108ஐ அழைக்கவும். தாமே மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

டிரெய்லர் ஓட்டுநர் சென்ற மாதம் புதுக் காகிதம் கொண்டுவந்தார். மூன்று மாதச் சராசரி 8.6லிருந்து 7.1 ஆகியிருக்கிறது. டிரைகிளிசரைடு 182. மொத்தக் கொலஸ்டிரால் 138, நல்ல கொழுப்பு 36. கழித்தல் கணக்கை அவர் மனைவியே விரல் விட்டுப் போட்டுப் பார்த்து, "நூத்தி ரெண்டு. இன்னும் ரெண்டு கொறையணும் இல்ல சார்?" என்றார். பையில் கானாங்கெளுத்தி வைத்திருந்தார்.